பந்தயக் கிளட்ச்

மொன்றியல் துறைமுகத்தை ஒட்டிச் செல்லும் நோத்ர் டாம் வீதியில், கொள்கலன் லொறிகளுக்கு நடுவே நின்று நின்று ஊர்பவர்களுக்கு இடது காலின் அருமை தெரியும். தமக்கையின் மகன் தனது 2013ஆம் ஆண்டு சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். காருக்குப் பந்தயக் கிளட்ச் பூட்டப்போவதாகக் கூறியதும் எனக்கு அவ்வீதியே நினைவுக்கு வந்தது.

அவன் கூறிய காரணம் நியாயமானதே. இரு சில்லுகள் மட்டும் இழுக்கும் காரில் வேகமாகப் புறப்பட்டால் ரயர் வழுக்கி அதிர்வைத் தணித்துவிடும். நான்கு சில்லுகளும் நிலத்தைப் பற்றுகையில் ரயர் இலகுவில் வழுக்காது. கிளட்ச் தட்டே வழுக்கித் தேய்கிறது. 265 குதிரைவலுவை மேலும் கூட்டியவனுக்குப் பழைய தட்டுப் போதாதுதான்.

ஆனால் பீங்கானும் உலோகமும் கலந்த பந்தயத்தட்டு வெடுக்கெனப் பற்றும். அது வழுக்க மறுத்தால் அடுத்த அடி கியர்ப்பெட்டியின் பற்களுக்கே. வீட்டில் வேறு வாகனம் கிடையாது. தாயை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதும் இதே கார்தான்.

அழுத்தத் தட்டை மட்டும் வலியதாக்கி, வழமையான நார்த்தட்டையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். முகத்தைச் சுளித்தபடி சம்மதித்தான். புதிய தட்டை ஏறத்தாழ 800 கிலோமீற்றர் மென்மையாக ஓட்டிப் பழக்க வேண்டும். பனிக்கு முன் முடியுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.