பெடல் துடிப்பு எங்கே பிறக்கிறது?

பிரேக் மிதித்து வேகம் குறைக்கும்போது பெடல் துடித்து, ஸ்டியரிங்கும் நடுங்கினால், செம்பரம்பாக்கம் பக்கத்தில் எந்தப் பட்டறையிலும் ஒரே பதில்தான்: "சூட்டுல டிஸ்க் பெண்டாயிடுச்சு சார், லேத்துல கொடுத்து ஸ்கிம்மிங் பண்ணிடலாம்." டிஸ்க்கின் முகத்தைச் சீவும் இந்த ஸ்கிம்மிங் முடிந்ததும் துடிப்பு நிற்கிறது. சில மாதங்களில் திரும்பி வருகிறது. திரும்பி வருவதுதான் என்னைச் சந்தேகப்பட வைக்கிறது. வளைவுதான் நோய் என்றால், நிமிர்த்திய பிறகு அது ஏன் வர வேண்டும்?

முதலில் துடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிறு கார் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 11 முறை சுற்றும், 40இல் அதில் பாதி. வேகம் குறையக் குறையத் துடிப்பும் அதே விகிதத்தில் மெதுவானால், கோளாறு சக்கரத்தோடு சுழலும் பாகத்தில் இருக்கிறது. ஏபிஎஸ் தரும் அதிர்வு அப்படிக் குறையாது. அழுத்தி மிதித்தாலோ சாலை வழுக்கினாலோ மட்டும்தான் வரும். பிரேக் மிதிக்காதபோதும் நடுக்கம் இருந்தால் டயர் பேலன்ஸைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் ஆடினால் முன் டிஸ்க். சீட்டில் மட்டும் உணர்ந்தால், ஆளில்லாத சாலையில் மெதுவாகப் போகும்போது ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்துப் பார்க்கலாம்; அப்போதும் துடித்தால் பின்சக்கர டிரம் வட்டம் தப்பியிருக்கிறது.

இனி சூட்டுக் கதை. 1,000 கிலோ எடையுள்ள காரை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தினால் சுமார் இரண்டரை லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் 70 சதவீதத்தை முன் டிஸ்க்குகள் வாங்கிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 5 கிலோ வார்ப்பிரும்பு. கணக்குப் போட்டால் ஒரு நிறுத்தத்துக்கு 40 டிகிரிகூட ஏறாது. வார்ப்பிரும்பின் உள்ளமைப்பு மாற 600, 700 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே விரிந்த டிஸ்க் ஆறியதும் பெரும்பாலும் பழைய நிலைக்கே வந்துவிடும். நசரத்பேட்டைக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் இடையே லாரிகளுக்குப் பின்னால் எத்தனை முறை மிதித்தாலும் அந்தச் சூடு வராது.

பெடலைத் தள்ளுவது டிஸ்க்கின் கோணல் என்பதைவிட, அதன் கனத்தில் உள்ள வித்தியாசம் என்பதே சரி. பேடுகளைப் பிடித்திருக்கும் மிதக்கும் காலிப்பர் கோணலான டிஸ்க்கோடு சேர்ந்து நகர்ந்துகொள்ளும். கனம் மாறினால்தான் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட்டு, துடிப்பு எண்ணெய் வழியே காலுக்கு வருகிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு போதும், தலைமுடியின் கனத்தில் கால்வாசி. அந்த வித்தியாசம் உருவாவதும் பிரேக் மிதிக்காத நேரத்தில்தான். டிஸ்க் பொருந்தும் ஹப் முகத்தில் துரு இருந்தாலோ, பஞ்சர் கடையில் ஏர் கன்னால் ஒரு நட்டை அதிகமாகவும் அடுத்ததைக் குறைவாகவும் முறுக்கினாலோ, டிஸ்க் துளி சாய்ந்து உட்காரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடை உரசிப்போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேயும், அல்லது பேடின் பொருள் அங்கே படியும். அதனால்தான் டயர் மாற்றிய அன்றைக்கு எதுவும் தெரிவதில்லை; மாதங்கள் கழித்துத் துடிப்பு வரும்போது நட்டு முறுக்கியவரை யாரும் நினைப்பதில்லை, பழி சூட்டுக்குப் போகிறது.

மழைக்கால வாதமும் உண்டு: சூடான டிஸ்க் தேங்கிய நீரில் பட்டு வளைகிறதாம். நீர் கெடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வேறு வழியில். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டபோது அடையாற்றுக் கரையில் மூழ்கிய கார்களில் சூடே இல்லை. அப்படி நனைந்து நிற்கும் காரில் பேடின் வடிவத்திலேயே டிஸ்க்கில் துரு பதியும், ஹப் முகத்திலும் ஏறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மூன்றாவது கியர் போட்டுப் பிரேக்கிலேயே இறங்குபவருக்குச் சூட்டு வாதம் பொருந்தலாம். பூந்தமல்லிக்கு அலுவலகம் போய்வருபவருக்குப் பொருந்தாது.

பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங்கும் 1960களிலேயே வேரூன்றிய வட்டாரம் இது. ஆலைக்குள் மைக்ரான் கணக்கு, சாலையோரத்தில் கண் பார்வைக் கணக்கு என்பது எனக்கு விசித்திரமாகவே படுகிறது. ஒரு டயல் கேஜ் இருந்தால் போதும். டிஸ்க்கைச் சுற்றி ஆட்டத்தை அளந்து, அதிக ஆட்டமுள்ள இடத்தை டிஸ்க்கிலும் ஹப்பிலும் சாக்பீஸால் குறித்து, டிஸ்க்கைக் கழற்றி ஒரு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி அளக்க வேண்டும். மேடு டிஸ்க்கோடு நகர்ந்தால் டிஸ்க்கில் கோளாறு. ஸ்கிம்மிங் நியாயம், பக்கவாட்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகாதவரை. மேடு ஹப்பில் குறித்த இடத்திலேயே நின்றால் லேத்துக்குப் போவது வீண் செலவு: ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுத்து, நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் ஒரே அளவில் முறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஆட்டம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஹப் பேரிங்கை மாற்ற வேண்டியதுதான்.