செக்டார் 14-க்கு ஒரு ரவுண்டு போலாமா?

சண்டிகர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? கபில்தேவ்? சுக்னா ஏரி? உடைஞ்ச வளையலையும் பீங்கானையும் வெச்சே நேக் சந்த் உருவாக்கின ராக் கார்டன்? எல்லாம் சரிதான். ஆனா, இன்னிக்கு நம்ம டூர் அங்கே இல்லை பாஸ். ஒரு கேம்பஸுக்குள்ள போறோம்.

டெல்லியிலிருந்து வடக்கே சுமார் 250 கிலோமீட்டர். ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் 'செக்டார் 14' என்று சொன்னால் போதும். தெருப் பேர், விலாசம் எதுவும் வேண்டாம். ஏன்னா, இந்த ஊரையே கட்டம் கட்டமாகப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நம்பர் கொடுத்துட்டார் லெ கார்பூசியே என்கிற கட்டடக் கலைஞர். இதில் ஒரு தமாஷ்... 13-ஆம் நம்பரை மட்டும் விட்டுட்டாங்க. 12-க்கு அடுத்து நேரா 14! மணிமாஜ்ரா பகுதிக்கு 'செக்டார் 13' என்று பேர் வெச்சது 2020-ல்தான். ஆக, பட்டியலில் ஒரு நம்பர் சேரவே அத்தனை வருஷம் ஆகியிருக்கு!

கட்டத்துக்குள் அடங்காத மனுஷங்க சேர எவ்வளவு காலம் ஆகும்? அதைப் பார்க்கத்தான் செக்டார் 14-ல் இருக்கிற பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையறோம்.

லாகூரில் பிறந்தது

உள்ளே போனதும் சிவப்புக் கல் கட்டடங்கள், வரிசையாக மரங்கள். இந்தப் பல்கலைக்கழகம் பிறந்த ஊர் இது இல்லை. 1882-ல் லாகூரில் ஆரம்பிச்சாங்க. 1947 பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்த ஜனங்களைப் போலவே இதுவும் இடம் பெயர்ந்தது. சோலன் மலையில் கொஞ்ச காலம் ஒண்டுக்குடித்தனம், அப்புறம்தான் சண்டிகர். 'நமக்குன்னு ஒரு இடம்' என்று தவிச்ச அனுபவம் இந்தப் பல்கலைக்கழகத்துக்கே உண்டு!

கொஞ்சம் நடந்தால் தண்ணீர் நடுவே தாமரை மாதிரி காந்தி பவன். பியர் ஜானரே வடிவமைச்சது. இவர் வடிவமைச்ச மர நாற்காலிகள் ஒரு காலத்தில் உடைஞ்சு போய் மூலையில் கிடந்தன. இப்போ அதே நாற்காலிகளை வெளிநாட்டு ஏலத்தில் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கறாங்க. நாற்காலிக்கு மரியாதை வந்துடுச்சு. அதில் உட்கார்ந்து படிக்க வந்த சிலருக்கு?

ஸ்டாப் 1: விண்ணப்பப் படிவம்

தனஞ்ஜய் சௌஹான். திருநங்கை. தொண்ணூறுகளில் இதே சண்டிகரில் மேல்படிப்பு படிக்கப் போனவர். சக மாணவர்களின் கேலியும் சீண்டலும் தாங்காமல் பாதியில் விட்டவர். மார்க் குறைஞ்சதாலோ ஃபீஸ் கட்ட முடியாததாலோ இல்லை. காரிடாரில் நிம்மதியாக நடக்க முடியலை, அவ்வளவுதான்.

2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் 'நல்சா' வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆண், பெண் தவிர மூன்றாம் பாலினத்தையும் அரசு அங்கீகரிக்கணும், கல்வியிலும் வேலையிலும் இடம் கொடுக்கணும் என்றது. அதே வருஷம் பல்கலைக்கழக மானியக் குழுவும் விண்ணப்பங்களில் அதற்கான இடம் வைக்கச் சொல்லி பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது.

ரெண்டு கட்டம் இருந்த படிவத்தில் மூணாவதா ஒரு கட்டம். பார்க்கச் சின்ன விஷயம். ஆனா, படிவத்தின் முதல் பக்கத்திலேயே பொய் எழுதணும் என்கிற நிலைமை அப்போதான் மாறியது. 2016-ல், நாற்பது வயசைத் தாண்டிய தனஞ்ஜய், மனித உரிமைகள் எம்.ஏ. படிக்க இங்கே மறுபடி வந்தார். பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் முதல் திருநங்கை மாணவர் என்று நாடே பேசியது. அவர் கதையை ஓஜஸ்வி சர்மா 'அட்மிட்டட்' என்ற பெயரில் ஆவணப்படமாக எடுத்தார். 68-வது தேசிய திரைப்பட விருதுகளில் அதற்குச் சிறப்புக் குறிப்பும் கிடைச்சது.

அட்மிஷன் கிடைச்சாச்சு, சுபம் போட்டுடலாமா? அவசரப்படாதீங்க. உண்மையான கேம்பஸ் வாழ்க்கை அதுக்கப்புறம்தானே ஆரம்பிக்குது!

ஸ்டாப் 2: டீக்கடை

ஸ்டூடன்ட் சென்டருக்கு வாங்க. வட்டமான கட்டடம், பசங்க பாஷையில் 'ஸ்டூ-சி'. டீ, சமோசா, அரட்டை, எலெக்‌ஷன் கோஷம்... எல்லாமே இங்கேதான். ஒரு டீ வாங்கிட்டுப் பக்கத்து டேபிள் பேச்சைக் கொஞ்சம் கவனிங்க.

நம்ம ஊரில் 'நான் வர்றேன்' என்று யார் வேணாலும் சொல்லலாம். சொன்னவர் ஆணா, பெண்ணான்னு அந்த வார்த்தை காட்டிக்கொடுக்காது. இந்தியில் அந்த வசதி கிடையாது. ஆண் சொன்னால் 'ஆதா ஹூன்', பெண் சொன்னால் 'ஆதீ ஹூன்'. பஞ்சாபியிலும் இதே கதைதான். 'நான் படிக்கிறேன்', 'நான் சாப்பிடறேன்'னு சாதாரணமா வாயைத் திறந்தாலே, தான் யார் என்று அறிவிச்சாகணும். அப்படி அறிவிக்கிறப்போ எதிரே நாலு பேர் சிரிச்சால் எப்படி இருக்கும்? யோசிச்சுப் பாருங்க.

நம்ம தமிழுக்கு 'அவர்' என்கிற அழகான வார்த்தை கிடைச்சிருக்கு. ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான், ரெண்டிலும் சேராதவருக்கும் அதுதான். மரியாதையும் சேர்ந்தே வருது. கையில் இருக்கிற இந்த வசதியை நாம கிளாஸில் பயன்படுத்தறோமா?

ஸ்டாப் 3: கழிப்பறை

கேட்கச் சங்கடமா இருக்கலாம். ஆனா, இந்த டூரிலேயே முக்கியமான இடம் இதுதான். காலை ஒன்பது மணிக்கு வந்து சாயங்காலம் வரை கிளாஸ். நடுவில் எங்கே போறது? ஆண்கள் பக்கம் போனால் சீண்டல். பெண்கள் பக்கம் போனால் 'இங்கே உங்களுக்கு என்ன வேலை?' என்கிற கேள்வி. அதற்காகத் தண்ணியே குடிக்காமல் ஒருத்தர் எத்தனை நாள் படிக்க முடியும்?

தனஞ்ஜய் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். 2017-ல் தனிக் கழிப்பறைகள் கட்ட 23 லட்ச ரூபாய் ஒதுக்கியது பல்கலைக்கழகம். கோஷமும் கருத்தரங்கும் போதாது, செங்கல்லும் சிமென்ட்டும் வேணும் என்று ஒரு மாணவர் ஒரு நிர்வாகத்தையே ஒத்துக்கொள்ள வெச்ச இடம் இது.

இதிலும் ஒரு விவாதம் உண்டு. தனிக் கழிப்பறை என்று போர்டு மாட்டினால், உள்ளே போகிறவரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பாங்களே? யார் வேணாலும் பயன்படுத்தலாம் என்று பொதுவாகக் கட்டினால் அந்தத் தொல்லை இல்லையே? ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா, விவாதம் முடியும்வரை யாரும் அடக்கிட்டு இருக்க முடியாது இல்லையா!

ஸ்டாப் 4: ஹாஸ்டல்

பகலைச் சமாளிச்சாச்சு. ராத்திரி? வீட்டில் ஏத்துக்காத பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் ஒரு வசதி இல்லை, அதுதான் வீடே. வெளியே வாடகைக்குக் கேட்டால் என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும்.

மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 2017-லேயே பாலின பேதம் பார்க்காத விடுதி ஒன்றைத் திறந்தது. சண்டிகரில் ஒரு திருநங்கை மாணவிக்கு விடுதியில் அறை கிடைச்சது 2023-ல்தான். தனஞ்ஜய் அட்மிஷன் போட்டது எப்போ? 2016. படிவத்தில் இருந்து படுக்கைக்கு வர ஏழு வருஷம்! ஒரே கேம்பஸ், நடந்தால் சில நிமிஷ தூரம்தான்.

நாற்காலிக்கு அந்தப் பக்கம்

இதுவரை மாணவர்கள் கதை. பாடம் நடத்தறவங்க கதைக்கு நாம கிழக்கே, மேற்கு வங்கத்துக்குப் போகணும். 2015 ஜூனில் கிருஷ்ணாநகர் மகளிர் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்றார் மானபி பந்தோபாத்யாய். கல்லூரி முதல்வரான முதல் திருநங்கை என்று பத்திரிகைகள் கொண்டாடின. 2016 டிசம்பரில், சக ஊழியர்களின் ஒத்துழைப்பு இல்லை என்று சொல்லி ராஜினாமா கடிதம் கொடுத்தார். பதவி கொடுப்பது ஒரு நாள் செய்தி. அதற்கப்புறம் தினமும் ஸ்டாஃப் ரூமில் அவரோடு உட்கார்ந்து டீ குடிக்க ஆள் வேணுமே! அதை எந்தக் கவர்மென்ட் ஆர்டரும் கொண்டுவர முடியாது.

உங்க கேம்பஸில்?

ரவுண்டு முடிஞ்சது, ஊர் திரும்பலாம். சண்டிகரைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம், குறை சொல்லவும் வேண்டாம். இந்தியாவிலேயே முதலில் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைச்சது நம்ம தமிழ்நாடு, 2008-ல். 2024-25 பட்ஜெட்டில், உயர்கல்வி படிக்கிற திருநங்கைகள், திருநம்பிகளின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவிச்சாங்க. தொலைதூரக் கல்விக்கான இக்னோவும் 2017-ல் இவங்களுக்குக் கட்டண விலக்கு கொடுத்தது. 2019-ல் வந்த மத்திய சட்டம், கல்வி நிலையங்கள் பாகுபாடு காட்டக் கூடாது, ஒவ்வொரு நிறுவனமும் புகார் கேட்க ஓர் அலுவலரை நியமிக்கணும் என்றது.

காகிதத்தில் நிறைய இருக்கு. அது உங்க காலேஜ் கேட்டைத் தாண்டி உள்ளே வந்திருக்கா? நாளைக்கு லஞ்ச் பிரேக்கில் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. ஆபீஸில் அட்மிஷன் படிவத்தை வாங்கி எத்தனை கட்டம் இருக்குன்னு பாருங்க. புகார் அலுவலர் பேர் நோட்டீஸ் போர்டில் இருக்கான்னு தேடுங்க. இல்லைன்னா, 'யார் சார் அது?' என்று கேளுங்க. கழிப்பறை, ஹாஸ்டல் பத்தியும் கேளுங்க. 'நம்ம காலேஜில் அப்படி யாரும் இல்லையேப்பா' என்று பதில் வரலாம். இருக்கலாம் சார், சொல்ல பயந்துட்டு உங்க கிளாஸிலேயே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்னு சொல்லுங்க.

அந்தக் கேள்வியை அவங்களே வந்து கேட்கட்டும்னு விட்டுடாதீங்க. சண்டிகரில் ஒருத்தர் தனியா நின்னு கேட்டார். உங்க காலேஜில் நீங்க நாலு பேர் சேர்ந்து கேட்கலாமே!