மேசை மலையடியில் நம் உறவுகள்



தென்னாப்பிரிக்காவுக்குத் தலைநகரங்கள் மூன்று. அரசு நிர்வாகம் பிரிட்டோரியாவில். மேல்முறையீட்டு நீதிமன்றம் புளூம்ஃபொன்டைனில். நாடாளுமன்றம் கேப் டவுனில். இம்மூன்றில் கடலைப் பார்த்து நிற்பது கேப் டவுன் மட்டுமே. உலகின் எழில்மிகு துறைமுக நகரங்களை எண்ணுவோர் எவரும் இதனை விட்டுவிடுவதில்லை. பயண நிறுவனத்தார் அச்சிட்டுத் தரும் வண்ணத்தாள்களைப் புரட்டினால் மலை, கடல், பென்குயின் பறவைகள், வண்ண வண்ண வீடுகள் என்று வரிசையாக வரும். அவ்வளவையும் நான் கண்டேன். ஆயினும் அத்தாள்கள் இரண்டு வரியில் முடித்துவிடும் செய்திகளே என்னை அந்நகரில் கூடுதல் நாட்கள் தங்க வைத்தன. அவற்றையே உங்களிடம் கூற விழைகிறேன்.

முதலில் மலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிடில் அங்குப் போய் வந்தவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். மேசை மலையின் உயரம் ஏறத்தாழ 1,086 மீட்டர். பெயருக்கேற்பச் சீவிவிட்டாற்போன்ற தட்டையான உச்சி மூன்று கிலோமீட்டர் அளவுக்கு நீண்டிருக்கிறது. 1929 முதல் கம்பிவட ஊர்தி இயங்குகிறது. மேலேறும்போது ஊர்தியின் தளமே மெல்லச் சுழல்வதால், சன்னலோரம் கிடைக்கவில்லையே என்று எவரும் வருந்த வேண்டியதில்லை. கோடையில் தென்கிழக்குக் காற்று வீசத் தொடங்கினால் வெண்மேகம் உச்சியில் படர்ந்து, மேசை விரிப்புப் போல விளிம்பில் தொங்கும். அன்று ஊர்தியை நிறுத்திவிடுவார்கள். ஆகவே வானம் தெளிந்திருக்கும் முதல் நாளிலேயே மலையேறிவிடுங்கள். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். துறைமுகத்தையொட்டிய அங்காடிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1860 இல் கட்டத் தொடங்கிய பழைய கப்பல் துறை இன்று உணவகங்களும் கடைகளுமாக மின்னுகிறது. விலை கேட்டுத் திரும்பி வருவதற்கு ஏற்ற இடம்!

இனி, சிக்னல் குன்றின் சரிவில் ஏறும் போ-காப் என்னும் பகுதிக்கு வாருங்கள். மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. வாடகைக் குடியிருப்பாக இருந்த காலத்தில் சுவர்கள் வெள்ளையாகவே இருந்தன என்றும், சொந்தமாக வாங்கும் உரிமை கிடைத்ததும் மக்கள் விரும்பிய வண்ணங்களைப் பூசிக்கொண்டனர் என்றும் அங்குள்ளோர் கூறுகின்றனர். இங்கு வாழ்வோரை ‘கேப் மலாய்க்காரர்’ என்று அழைப்பது வழக்கம். அப்பெயர் பாதி உண்மையே. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அடிமைகளாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் இங்குக் கொண்டுவந்து இறக்கியவர்கள் ஜாவா, மக்காசர் ஆகிய இடங்களிலிருந்து மட்டும் வந்தவர்கள் அல்லர். வங்காளம், மலபார், இலங்கை, நம் சோழமண்டலக் கரை ஆகியவற்றிலிருந்தும் வந்தவர்கள். கேப்புக்கு வந்த அடிமைகளில் ஏறக்குறைய நால்வருள் ஒருவர் இந்திய மண்ணைச் சேர்ந்தவர் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அக்கம்பெனியின் கோட்டைகளாக இருந்த காலத்தில், பஞ்சம் தலைதூக்கியபோதெல்லாம் பசித்த மனிதர்களை மலிவு விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார்கள். கப்பலேறியதும் பெற்றோர் இட்ட பெயர் போயிற்று. சனவரி, செப்டம்பர் என்று மாதங்களின் பெயரே மனிதர்களின் பெயராயிற்று. செப்டம்பர் என்னும் குடும்பப் பெயரை இன்றும் அந்நகரில் கேட்கலாம். நாடாளுமன்றத்தின் அருகில், 1679 இல் கம்பெனி அடிமைகளுக்காக எழுப்பிய கட்டடம் அருங்காட்சியகமாக நிற்கிறது. ‘வான் கோரமண்டல்’ என்று பெயரின் வாலில் ஊர் ஒட்டிய மனிதரைப் பற்றி அந்நகரில் படித்தபோது, அவர் தாயை எப்படி அழைத்திருப்பார் என்ற எண்ணம் எழுந்தது, ‘அம்மா’ என்றுதானே?

போ-காப்பின் டார்ப் தெருவில் உள்ள அவ்வல் பள்ளிவாசல், பெயருக்கேற்றபடி, அந்நாட்டின் முதல் பள்ளிவாசல். அது 1794 இல் தோன்றியதாகக் கூறுவர். அது நிற்கும் மனை, விடுதலை பெற்ற அடிமையான இலங்கையைச் சேர்ந்த கோரிடோன் என்பவருடையது. அவருக்குப் பின் அவருடைய மகள் சார்ட்யேயின் கைக்கு வந்தது. ஒரு பெண்ணுடைய சொத்தில் ஒரு நாட்டின் இஸ்லாமிய வாழ்வு வேர் பிடித்திருக்கிறது. வீட்டுப் பெண்கள் இதனைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அதன் முதல் இமாம் துவான் குரு எனப்படும் அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ் ஸலாம் (ரஹ்). திதோர் தீவைச் சேர்ந்த இப்பெருமகனை 1780 இல் கைதியாகக் கொணர்ந்து ராபன் தீவில் அடைத்தனர். ஆம், பிற்காலத்தில் நெல்சன் மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாழ்வில் 18 ஆண்டுகளைக் கழித்த அதே தீவுதான். கையில் முஸ்ஹஃப் இல்லாத நிலையில், நெஞ்சில் சுமந்திருந்த திருக்குர்ஆனை அவர் மனனத்திலிருந்தே எழுதினார். சிறையிலிருந்து வெளிவந்ததும் அவர் தொடங்கியது ஒரு மத்ரஸா. அடிமைகளின் பிள்ளைகளும் அதில் ஓதினர். வெளிப்படையாகத் தொழ முஸ்லிம்களுக்குச் சட்டப்படி உரிமை கிடைத்ததோ 1804 இல்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

அம்மத்ரஸாக்களின் வழியில் விளைந்த ஒன்றை அறிந்தபோது எனக்குப் பெருவியப்பு. பிள்ளைகள் உஸ்தாத் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட பாடங்கள், அவர்கள் வீட்டில் பேசிய ஆஃப்ரிகான்ஸ் மொழியில், ஆனால் அரபு எழுத்தில் இருந்தன! நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் உடனே உங்கள் நினைவுக்கு வருமே. உதுமானிய அரசு அனுப்பிவைத்த அபூபக்கர் அஃபந்தி இதே முறையில் எழுதிய ‘பயானுத்தீன்’ என்னும் மார்க்கச் சட்ட நூல் 1877 இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. பின்னாளில் நிறவெறி ஆட்சியினர் தம் இனத்தின் தனிச்சொத்தாகக் கொண்டாடிய மொழியின் தொடக்ககால நூல்களில் சில, அலிஃப் பே எழுத்துகளில், கறுத்த விரல்களால் எழுதப்பட்டவை.

சுப்ஹுத் தொழுகையில் இமாம் குனூத் ஓதியபோது இது வெளியூர்தானா என்று ஐயம் வந்துவிட்டது. கேப் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர்; காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ தொழுவது போன்றே இருந்தது. வாளும் கம்பியும் கொண்டு நிகழும் ராத்தீபும் அங்குண்டு. மீலாது நாளில் பெண்கள் பள்ளிவாசலில் அமர்ந்து, எலுமிச்சை, நாரத்தை இலைகளை மெல்லியதாக நறுக்கி, நறுமணத் தைலம் கலந்து, சிறு தாள் பொட்டலங்களில் மடித்து வழங்குவார்கள். நன்றி சொல்ல ‘திரமகாசி’ என்கிறார்கள், பெருநாளுக்கு ‘லபரங்’. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஏலக்காயும் இஞ்சியும் மணக்க, பாகில் ஊறித் தேங்காய்த் துருவல் புரண்ட ‘கூசிஸ்டர்’ வீட்டுக்கு வீடு கிடைக்கும். நம் அதிரசத்துக்கு அது தூரத்து உறவு என்று சாதிக்க எனக்கு ஆசைதான்.

நகரைச் சுற்றி மலைச்சரிவுகளிலும் கரையோரங்களிலும் இறைநேசர்களின் அடக்கத்தலங்கள் உள்ளன. ‘கிராமத்’ என்பார்கள், நாம் ‘கராமத்’ என்னும் அதே சொல். தர்கா என்றதும் முகம் சுளிக்கும் வாசகர்களும் உளர் என்பதை அறிவேன். அவர்களும் மக்காசர் என்னும் ஊரில் அடங்கியுள்ள ஷைகு யூசுஃப் (ரஹ்) அவர்களின் வரலாற்றையாவது படிக்க வேண்டும். டச்சுக்காரர்களை எதிர்த்துப் பாந்தன் சுல்தானுக்குத் துணைநின்ற அவ்வறிஞரை, 1684 இல் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். அங்கும் அவர் நூல்கள் எழுதிக்கொண்டும், ஹஜ்ஜுப் பயணிகளோடு தொடர்புகொண்டும் இருந்தமையால் அஞ்சி, 1694 இல் 49 பேருடன் கேப்புக்கு அனுப்பினார்கள். ஐந்தாண்டுகளில் வஃபாத்தானார். அவரை வாயடைக்க எண்ணி அனுப்பிய இடத்திலேயே இஸ்லாம் நிலைத்தது.

இவற்றையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். ‘மாவட்டம் ஆறு’ எனப்பட்ட பகுதியை 1966 இல் வெள்ளையருக்கு மட்டுமென அறிவித்து, அறுபதினாயிரம் பேரை மணற்பாங்கான வெளிப்புறங்களுக்குத் துரத்தினார்கள். வீடுகளை இடித்தவர்கள் பள்ளிவாசல்களையும் சில தேவாலயங்களையும் விட்டுவைத்தனர். வெட்டவெளியில் மினாரா மட்டும் நிற்க, துரத்தப்பட்ட மக்கள் தொலைவிலிருந்து ஜும்ஆவுக்கு வந்து போயினர். அநீதியைக் கண்டித்த இமாம் அப்துல்லாஹ் ஹாரூனை 1969 இல் கைதுசெய்து 123 நாட்கள் அடைத்து வைத்தனர், காவலில் இறந்தார். படிக்கட்டில் விழுந்தார் என்றது காவல்துறை. சித்திரவதையாலேயே இறந்தார் என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2023 அக்டோபர் வரை ஆயிற்று.

போ-காப்புக்கும் இன்று வேறுவகை நெருக்கடி. துரத்துவோர் இல்லை, விலை துரத்துகிறது. மனை மதிப்பு ஏற ஏற வரியும் ஏறுகிறது. தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் விற்றுவிட்டுப் போக, அடுக்குமாடிகள் எழுகின்றன. 2018 ரமளானில் தெருவிலேயே பாய் விரித்து நோன்பு திறந்து மக்கள் எதிர்ப்பைக் காட்டினர். 2019 இல் அப்பகுதிக்குப் பாரம்பரியப் பாதுகாப்பு கிடைத்தது. எனினும் கவலை தீரவில்லை. சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்க, அழைக்காத விருந்தினர் வாசற்படியில் அமர்ந்து படமெடுத்துக்கொள்கின்றனர். அங்கு ஒரு மூதாட்டி என்னிடம், “படம் எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, ஒரு ஸலாமாவது சொல்லிவிட்டு எடுக்கலாமே” என்றார்.

நீங்கள் போகும் வாய்ப்பு அமைந்தால், ரமளானின் இறுதியில் போகப் பாருங்கள். பிறை பார்க்கும் மாலையில் கடலோரம் த்ரீ ஆங்கர் பே புல்வெளியில் குடும்பங்கள் கூடுகின்றன. பாய்கள், பேரீச்சம்பழம், சூடான சூப்பு, ஓடித்திரியும் பிள்ளைகள். பிறை தேடும் பொறுப்பாளர்கள் மேற்கு வானத்தை உற்று நோக்கி நிற்பார்கள். மஃக்ரிபுத் தொழுகைக்குச் சஃப்பு புல்லின்மேல் கடலோரமாக நீளும். அந்த வரிசையில் உங்களுக்கும் சற்று நகர்ந்து இடம் தருவார்கள்.