பல்லைப் பிடுங்கிய பிறகு

"பல்லைப் பிடுங்கியாச்சு, தொல்லை விட்டது" என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுபவர்கள் நம் தோட்டங்களில் பலர் உண்டு. டாக்டரின் வேலை முடிந்தது உண்மைதான். நம் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

எங்கள் லயத்தில் ஓர் அக்காள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். சம்பளம் போய்விடுமே என்று மறுநாளே உரம் போடப் போனார். பக்கத்து வீட்டுப் பாட்டி அன்போடு கொடுத்த புகையிலையைப் பல் இருந்த குழியில் அடக்கிக்கொண்டார். மூன்றாம் நாள் காது வரை வலி, வாயில் நாற்றம். நான்கு நாள் படுத்துவிட்டார்.

காரணம் இதுதான். பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். அடியிலுள்ள எலும்பையும் நரம்பையும் அதுதான் மூடிக் காக்கிறது. அது பெயர்ந்துவிட்டால் எலும்பு திறந்துகொண்டு வலி உயிரை வாங்கும். ஆகவே, அந்தக் கட்டியைக் காப்பாற்ற வேண்டும்.

டாக்டர் வைத்த பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்காதீர்கள், காறித் துப்பாதீர்கள், எதையும் உறிஞ்சிக் குடிக்காதீர்கள். சுமை தூக்க வேண்டாம். எச்சிலில் கொஞ்சம் சிவப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம். வெற்றிலை, புகையிலை, சுருட்டு, மது இவற்றை ஒரு வாரமாவது மறந்துவிடுங்கள். ஆறிய கஞ்சி நல்லது. பிள்ளைகள் மரத்துப்போன உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். பெற்றோர் கவனிக்க வேண்டும்.

மறுநாள் முதல், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சாப்பிட்ட பிறகெல்லாம் மெதுவாகக் கொப்பளியுங்கள். மற்றப் பற்களை வழக்கம்போல் துலக்குங்கள். வலிக்குப் பெனடோல் போதும். டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின் போட்டால் இரத்தம் கூடுதலாகக் கசியும்.

மறுபடி இரத்தம் வந்தால், சுத்தமான துணியை நனைத்து மடித்து, உட்கார்ந்தபடி 20 நிமிடம் கடித்திருங்கள். அப்படியும் நிற்காவிட்டால், அல்லது வீக்கம் ஏறிக்கொண்டே போனால், காய்ச்சல் கண்டால், விழுங்க முடியாவிட்டால், இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. எம்.சி. கேட்க வெட்கப்படாதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி பல் டாக்டர் கொடுக்கும் எம்.சி.க்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 48 மணி நேரத்துக்குள் தோட்ட ஆபீசுக்குத் தெரிவித்துவிட்டு, நிம்மதியாக வீட்டில் இருங்கள்.