உலர்ந்த செடி உரைக்கும் சான்று

நம் அடுக்களையில் மிளகாய் புழங்காத நாள் இல்லை. எனினும் அது நம் மண்ணில் பிறந்த செடியன்று. சங்க நூல்களில் மிளகு உண்டு, மிளகாய் இல்லை. வாஸ்கோ ட காமா 1498-இல் கள்ளிக்கோட்டைக்கு வந்த பின்னரே, போர்ச்சுகீசியர் வழியாக அமெரிக்காவிலிருந்து அது நம் நாட்டை அடைந்தது.

அம்மிளகாயின் முன்னோராகிய காட்டினம், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கே, அரிசோனா மாநிலத்துப் பாலைமலைகளில் இன்றும் வளர்கின்றது. அங்குள்ள கொரொனாடோ தேசியக் காட்டைச் சார்ந்த துமகாகோரி மலையில், பிற மரஞ்செடிகளின் நிழலை அண்டி அது நிற்கின்றது. கடுவெயிலையும் உறைபனியையும் அந்நிழலே தடுத்துக் காக்கின்றது. அதன் கனி மிளகினும் சற்றே பெரியது, பழுத்தால் செந்நிறம் பெறும், காரமோ மிகுதி. எலி போன்ற விலங்குகள் அக்காரத்துக்கு அஞ்சி அகலும். பறவைகள் காரத்தை உணரா. ஆதலின் கனியை விழுங்கி, விதையை வேறு புதர்களின் அடியில் எச்சத்தோடு இடும். இவ்வாறு காரமே விதைக்குக் காவலாயிற்று.

இத்தகைய செடிகளைப் பற்றிய செய்திகளை அறிஞர் எவ்வாறு காத்து வைக்கின்றனர்? பூவும் காயும் உள்ள கிளையொன்றைக் கொய்து, தாள்களிடையே வைத்து அழுத்தி, ஈரம் போக உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டுவர். செடியின் பெயர், கண்ட இடம், நிலத்தின் உயரம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி அதன் கீழே பதிப்பர். இவ்வேடுகளைத் தொகுத்து வைக்கும் இடம் உலர்தாவரகம் எனப்படும். அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் 1891-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற உலர்தாவரகம் ஒன்று உள்ளது.

நான் ஓலைச்சுவடிகளோடு வாழ்நாளைக் கழித்தவன். எழுதிய நாளும் ஊரும் குறிக்கப்பெறாத சுவடி கைக்கு வந்தால், அதன் காலத்தை அறிய எத்துணை இடர்ப்பட்டிருக்கின்றேன்! அதனால், அண்மையில் உலர்செடி ஏடுகளின் படங்களைக் கணிப்பொறியில் கண்டபோது, என் கண் முதலில் சீட்டையே நாடிற்று. சீட்டில்லாத செடி வெறுஞ்சருகு. சீட்டுள்ள செடி சான்று.

ஓர் இனம் முன்பு எங்கு நின்றது, எத்திங்களில் பூத்தது, எவ்விடத்தில் அருகிவிட்டது என்பனவற்றை ஆராய்வார்க்கு இவ்வேடுகள் துணைபுரிகின்றன. 1999-ஆம் ஆண்டு அமெரிக்க வனத்துறை, துமகாகோரி மலையின் ஒரு பகுதியைக் காட்டு மிளகாய்க்கென்றே ஒதுக்கிக் காவல் செய்தது. தன் வாழிடத்தின் வடக்கெல்லையில் குளிரையும் வறட்சியையும் பொறுத்து நிற்கும் அச்செடியின் விதை, நோயால் நலியும் வயல் மிளகாய்க்கு ஒருநாள் உதவக்கூடும் அன்றோ?

மாணவர்களே! அரிய செடி ஓரிடத்தில் சிலவே நிற்பின் அதனைக் கொய்தல் தகாது. படம் எடுத்துக் குறிப்பு எழுதுதலே போதும். காணும் செடியின் இடத்தையும் நாளையும் பிழையின்றிக் குறியுங்கள். பின்வருவோர் அக்குறிப்பை நம்பியே அச்செடியைத் தேடிச் செல்வர்.