வெளிச்சத்தில் ஓடும் மோட்டாரும் நம்ம எண்ணூர் கழிமுகமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. மைக்ரோஸ்கோப் வழியாக எடுத்தது. விளக்கைப் போட்டதும் குட்டிக் குட்டித் துகள்கள் தண்ணீருக்குள் ஓடுகின்றன. அணைத்ததும் நின்றுவிடுகின்றன. டீசல் இல்லை, பேட்டரி இல்லை, வெளிச்சம் மட்டும்தான். இப்படிப்பட்ட மோட்டார்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் வீடியோவுக்குக் கீழே யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: இனி எண்ணூர் கழிமுகத்தை இதுவே சுத்தம் செய்துவிடுமாம்.

வலை போட்டுப் பிழைக்கும் என் மாணவன் ஒருவன் போனில் கேட்டான். "டீச்சர், எங்க ஊர்க் கூட்டத்துல ஒருத்தர் இதையேதான் சொன்னாரு. நானோ மோட்டார் வரப்போவுது, எண்ணெயைத் தின்னுடும், கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்றாரு. நம்பலாமா?"

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஒருவர் நம்மைப் பொறுக்கச் சொன்னால், எதை நம்பிப் பொறுப்பது என்று நமக்குத் தெரிய வேண்டும்.

முதலில் அளவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர். இந்த மோட்டார்கள் பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர்தான். நம் தலைமுடியின் கனத்தைவிடப் பல மடங்கு சிறியவை.

காசிமேட்டில் விசைப்படகு உள்ளே வருவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் படகு கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு வந்து கரையைத் தொடும். நுண்ணிய உலகில் இது நடக்காது. எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியலாளர் 1977ல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். நீந்துகிற பாக்டீரியா நீந்துவதை நிறுத்தினால், ஒரு அணுவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள்ளேயே நின்றுவிடும். அதற்குத் தண்ணீர் என்பது நமக்குத் தார் மாதிரி. சிப்பி போலத் திறந்து திறந்து மூடினாலும் பலனில்லை. திறக்கும்போது போன தூரம், மூடும்போது திரும்பிவிடும். அதனால்தான் பாக்டீரியா தன் வாலைத் திருகு ஆணி மாதிரி சுழற்றுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அம்பரீஷ் கோஷ் குழுவினர் இதே திருகு வடிவத்தில் நுண்ணிய நீந்திகளைச் செய்து, காந்தப் புலத்தால் சுழற்றி, 2014ல் மனித ரத்தத்திலேயே ஓட்டிக் காட்டினார்கள்.

வெளிச்சத்தில் ஓடுவது வேறு வழி. பத்தாம் வகுப்பில் ஒளிச்சிதைவு நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? சில்வர் குளோரைடு வெளிச்சம் பட்டால் சிதைந்து கருக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆயுஷ்மான் சென் குழுவினர் 2009ல் இதே உப்பின் துகள்களைச் சுத்தமான தண்ணீரில் போட்டு, புற ஊதா ஒளியைக் காட்டினார்கள். துகள் சிதையும்போது ஹைட்ரஜன் அயனியும் குளோரைடு அயனியும் வெளியே வருகின்றன. ஹைட்ரஜன் அயனி மற்றதைவிட நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் பரவும். ஒன்று முந்தி ஓட, மற்றது பின்தங்க, இடையில் ஒரு சின்ன மின்புலம் உண்டாகிறது. அது துகளின் மேற்பரப்பை ஒட்டியிருக்கும் தண்ணீரை நகர்த்துகிறது. துகளின் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் துகளும் நகர்ந்துவிடுகிறது. பக்கத்துத் துகள்கள் விட்ட அயனிகளை உணர்ந்து, மீன்கூட்டம் மாதிரி ஒன்றுசேரவும் செய்தன.

இங்கே ஒரு வார்த்தையைக் கவனியுங்கள்: சுத்தமான தண்ணீர். அந்த மோட்டார் நம்பியிருப்பது தானே உண்டாக்கும் துளி அயனி வித்தியாசத்தை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. எல்லாமே அயனிதான். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் நடக்கும்போது ஒருவர் காதோடு காதாகப் பேசினால் கேட்குமா? அப்படித்தான் அந்தச் சின்ன மின்புலம் உப்புத் தண்ணீரில் அமுங்கிப்போகிறது. வெளிச்சத்தில் ஓடும் மோட்டார்களுக்குப் பல ஆண்டுகள் முட்டுக்கட்டையாக இருந்தது இந்த உப்புதான்.

அதற்கும் ஒரு வழி பிறந்தது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் 2022ல் வெளியிட்ட ஆய்வு. கட்டுரையில் முதல் பெயர் வருண் ஸ்ரீதர். கார்பன் நைட்ரைடு என்ற பொருளால் ஆன துகள்கள், உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்தவை. அயனிகள் அந்தத் துளைகள் வழியாகப் போய்வர முடிவதால், கடல்நீரைவிடப் பல மடங்கு உப்புள்ள கரைசலிலும் இவை ஓடின. நொடிக்கு 15 முதல் 23 மைக்ரோமீட்டர் வேகம். படித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

சரி, இனி கணக்குக்கு வருவோம். நொடிக்கு 23 மைக்ரோமீட்டர் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 8 சென்டிமீட்டர். ராத்திரி பகல் விளக்கு எரிந்தாலும், ஒரு நாளைக்கு 2 மீட்டர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் ஏற்ற வற்றத்தின் இழுப்பை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இழுப்பில் இது நீந்தாது, அடித்துக்கொண்டு போகும்.

அடுத்தது வெளிச்சம். கலங்கிய தண்ணீரிலும் எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலும் வெளிச்சம் எவ்வளவு ஆழம் இறங்கும்? வெளிச்சம் இல்லாத இடத்தில் இந்த மோட்டார் வெறும் தூசி.

மூன்றாவது வேலை. வெளிச்சம் பட்டால் சாயத்தையும் எண்ணெய் மூலக்கூறுகளையும் உடைக்கும் பொருள்கள் உண்டு, டைட்டானியம் டையாக்சைடு மாதிரி. கண்ணாடிக் குவளையில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கழிமுகத்தின் அடியில் படிந்திருக்கும் நிலக்கரிச் சாம்பல் ஏற்கெனவே எரிந்து முடிந்த மிச்சம். அதில் உடைக்க என்ன இருக்கிறது? ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் தனிமங்கள். எந்த வெளிச்சமும் அவற்றை இல்லாமல் ஆக்காது.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, நம் ஆட்கள் பக்கெட்டில்தான் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தபோதும் மீனவர்கள் படகில் போய்க் கையால் அள்ளினார்கள். அந்தக் கைகளுக்கு அன்று தேவைப்பட்டது நல்ல கையுறை, எண்ணெயைத் தடுக்கும் மிதவை வேலி, உறிஞ்சும் இயந்திரம். இவை எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குழாயை மூடுவதற்கும் நானோ விஞ்ஞானம் வேண்டாம்.

அப்படியானால் இந்த மோட்டார் வீணா? நிச்சயமாக இல்லை. மணிக்கு 8 சென்டிமீட்டர் கழிமுகத்துக்கு ஒன்றுமில்லை. ஆனால் உடம்பின் ஒரு செல் பத்து இருபது மைக்ரோமீட்டர்தான். ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போக இதற்கு ஒரு நொடி போதும். ஸ்டுட்கார்ட்காரர்கள் அந்தத் துளைகளில் டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றி, வெளிச்சம் காட்டும்போது வெளியே விடச் செய்தார்கள். ஆய்வுக்கூட அளவில்தான். இந்த மோட்டாருக்கு ஏற்ற இடம் இப்படிப்பட்ட குறுகிய தூரம். நம் உடம்புத் திரவங்கள் எல்லாமே உப்புத் தண்ணீர்தானே. அதனால்தான் உப்பைத் தாண்டியது அவ்வளவு பெரிய விஷயம்.

என் மாணவனிடம் கடைசியில் சொன்னது இதுதான். "தம்பி, அறிவியலை நம்பு. ஆனா அறிவியல் பேரைச் சொல்லி யாராவது பொறுக்கச் சொன்னா நாலு கேள்வி கேளு. எந்தத் தண்ணியில ஓடுச்சு? ஒரு மணி நேரத்துல எவ்ளோ தூரம் போச்சு? வெளிச்சம் எங்கேருந்து வரும்? அது வர்ற வரைக்கும் குழாயை யார் மூடுவாங்க?" முதல் மூன்று கேள்விக்கும் பதில் ஆய்வுக் கட்டுரையில் கிடைக்கும். நான்காவதற்கு ஊர்க் கூட்டத்தில்தான் பதில் வாங்க வேண்டும்.

ஆய்வுக்கூடங்களிலும் துறைமுகத்திலும் வேலை செய்யும் பிள்ளைகள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். கமெண்டில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அவனும் படிப்பான்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்