ஓடியவர்களும் திரும்பியவர்களும்

பாப்டிஸ்ட், பியூரிட்டன் திருச்சபை வரலாறு பற்றி இங்கிலாந்தில் நடக்கும் மாநாடுகளுக்கு வருகிறவர்களைத் தூரத்திலேயே இனங்காணலாம். பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் நரைத்தவர்கள். கையில் ஒரு துணிப்பை இருக்கும். வந்ததும் நேரே பழைய புத்தக மேசைக்குத்தான் போவார்கள். பியூரிட்டன் இறையியலாளர் ஜோன் ஓவனின் தொகுதிகளில் தங்கள் வீட்டு அலுமாரியில் எது குறைகிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஒருவர் கட்டுரை வாசிப்பார். கேள்விகள் வரும். பிறகு தேநீரும் பிஸ்கட்டும், பிறகு இன்னொரு கட்டுரை. முந்நூறு வருடங்களுக்கு முன் செத்துப்போன ஒரு போதகரைப் பற்றி, நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்து கோபித்துக்கொண்டு போனவரைப் போலக் கதைப்பார்கள். எனக்கு அது பிடிக்கும்.

இந்தக் கூட்டங்களுக்கு நான் போவது மாமாவின் காரில். மாமா சொந்த மாமா இல்லை. எங்கள் தமிழ்ச் சபையில் மூத்தவர், மானிப்பாய்க்காரர். இருவருமே தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தில் கைக்குழந்தைகளாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். அதாவது, விசுவாசித்து அறிக்கையிட்ட பெரியவர்களுக்கு மட்டும்தான் ஞானஸ்நானம் என்று சொல்லிச் சிறைக்குப் போனவர்களின் வரலாற்றைக் கேட்பதற்கு, எதிர்த்தரப்பின் பிள்ளைகளாக வந்து உட்காருகிறோம். ஒருவரும் அதைக் குற்றமாக எடுப்பதில்லை. நாங்கள் எந்த நாட்டவர் என்று கேட்டபின் எந்தச் சபை என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இவற்றில் பேர்போனது வெஸ்ட்மின்ஸ்டர் மாநாடு. அதன் கதையே ஒரு கட்டுரைக்குக் காணும். ஒக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஜே. ஐ. பாக்கரும் அவருடைய நண்பர் ஒருவரும் மார்ட்டின் லொயிட்-ஜோன்ஸிடம் போய்க் கேட்க, 1950இல் ‘பியூரிட்டன் மாநாடு’ தொடங்கியது. லொயிட்-ஜோன்ஸ் லண்டனில் மருத்துவராக வளர்ந்துவந்த காலத்தில் அதை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்த வேல்ஸ்காரர். அப்போது வெஸ்ட்மின்ஸ்டர் சாப்பலின் போதகர். இருபது வருடம் மாநாடு நன்றாகவே நடந்தது. 1970இல் பாக்கர், இங்கிலாந்துத் திருச்சபைக்குள் கத்தோலிக்கச் சாய்வு கொண்டவர்களோடு சேர்ந்து ஒரு நூல் எழுதினார். அத்தோடு மாநாடு முடிந்தது. மறுவருடம் வெஸ்ட்மின்ஸ்டர் மாநாடு என்ற பெயரில், பாக்கர் இல்லாமல், அது திரும்பத் தொடங்கியது. இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த முயன்ற பியூரிட்டன்களைப் படிக்கக் கூடியவர்கள் கடைசியில் பியூரிட்டன்கள் பிரிந்த அதே கேள்வியில், கலப்படமான சபைக்குள் இருப்பதா வெளியேறுவதா என்பதில், தாங்களும் பிரிந்தார்கள். லண்டனில் ஒரே ஊருக்கு இரண்டு ஊர்ச்சங்கம் வைத்திருக்கும் எங்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

மாநாடுகளில் சலிக்காமல் திரும்பத் திரும்ப வருவது சிறையும் பிரசங்க மேடையும். போதகர் ஜோன் பன்யன் பெட்ஃபோர்ட் சிறையில் இருந்த பன்னிரண்டு வருடம். அரசுத் திருச்சபையின் வழிபாட்டு ஒழுங்கை ஏற்க மறுத்து 1662 ஆகஸ்ட் 24ஆம் திகதியோடு வேலையிழந்த ஏறத்தாழ 2,000 போதகர்கள். வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ ஆராதனைக்குக் கூடினால் குற்றம் என்ற 1664ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கடைசிச் சட்டம் வாசிக்கப்பட்டபோது மாமா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். எத்தனை பேர் ஓரிடத்தில் கூடலாம் என்று அரசு எண்ணிக்கை வைக்கும் நாட்டில் வாழ்ந்தவருக்கு அது வரலாற்றுப் பாடமாகக் கேட்டிருக்காது. இவற்றைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது வேறொரு பகுதிக்கு. பேச்சாளர்கள் அதைப் பெரும்பாலும் முன்னுரையாக ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். ஆம்ஸ்டர்டாம்.

1608 வாக்கில், இங்கிலாந்தின் கேன்ஸ்பரோவைச் சுற்றியிருந்த, அரசுத் திருச்சபையை விட்டுப் பிரிந்த ஒரு சிறு கூட்டம், ஜோன் ஸ்மித் என்ற போதகரின் பின்னால் அங்கே ஓடிப்போனது. செலவுக்கும் ஏற்பாட்டுக்கும் பின்னால் நின்றவர் தோமஸ் ஹெல்விஸ்; நொட்டிங்காம் அருகே புரொக்ஸ்டோ மாளிகைக்காரர், சட்டம் படித்தவர். அவர் ஓடியபோது மனைவியும் பிள்ளைகளும் இங்கிலாந்தில். மனைவி யோர்க் கோட்டையில் அடைக்கப்பட்டார். ஆம்ஸ்டர்டாமில் இவர்களுக்குக் கிடைத்த இடம், கப்பல்களுக்கு பிஸ்கட் சுட்ட ஒரு பழைய வெதுப்பகம். அதன் சொந்தக்காரர் யான் மன்டர், பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் மெனோனைட் சபைக்காரர். 1609இல் ஸ்மித் முதலில் தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்து, பிறகு ஹெல்விஸுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தார். முழுக்கு அல்ல, தலையில் தண்ணீர் வார்த்தது என்பதே வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. ஆங்கில பாப்டிஸ்ட்கள் தங்கள் வம்சத்தை எண்ணத் தொடங்குவது இங்கிருந்துதான். மாநாட்டில் பேசப்படுவது அந்தத் தண்ணீரின் இறையியல். எனக்கோ அந்த வெதுப்பகத்தில் எத்தனை அறை, யார் யாரோடு பகிர்ந்தார்கள், யார் வீட்டுச் சமையல் மணம் யாருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் தெரிய வேண்டும்.

ஏனென்றால் சண்டைகள் அங்கிருந்துதான் வருகின்றன. ஸ்மித் கூட்டம் போய்ச் சேர்வதற்கு முன்பே அந்த ஊரில் இன்னோர் ஆங்கில அகதிச் சபை இருந்தது. போதகர் பிரான்சிஸ் ஜோன்சன். அவர் மணந்த விதவை, வசதியான குடும்பத்துப் பெண், நாகரிகமாக உடுத்துவார். எலும்புச் சட்டம் வைத்த மேற்சட்டை, மோதிரங்கள், தொப்பி. போதகரின் தம்பி ஜோர்ஜுக்கு அது பொறுக்கவில்லை. சிறையில் இருந்து வந்த ஏழைகள் நிறைந்த சபையில் போதகரின் மனைவி இப்படி வரலாமா என்று தொடங்கி, வருடக்கணக்காக இழுபட்டு, கடைசியில் தம்பியைச் சபையிலிருந்து நீக்கினார்கள். சமாதானம் பேச இங்கிலாந்திலிருந்து வந்த தகப்பனையும் நீக்கினார்கள். ஜோர்ஜ் 1603இல் இதையெல்லாம் அச்சிட்டே விட்டார். ஒரு பேச்சாளர் இதை வேடிக்கையாகச் சொன்னபோது மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாமத்திய வீட்டுக்கு யார் என்ன சேலை, எத்தனை பவுண் என்று வாய்க்குள் கணக்கெடுக்கும் சனத்துக்குள் வாழ்கிறவள் நான். அந்தப் பெண்ணின் சட்டை சட்டை அல்ல. ஊரில் இருந்த தராதரம் புது நாட்டில் செல்லுமா செல்லாதா என்ற வழக்கு அது.

பிறகு வந்த பிரிவுதான் பெரிது. ஸ்மித் தன் ஞானஸ்நானமே முறையானதா என்று சந்தேகப்பட்டு, மெனோனைட்டுகளோடு சேர விண்ணப்பித்தார். பத்துப் பேரளவில் ஹெல்விஸோடு நின்று, ஸ்மித்தைச் சபை நீக்கம் செய்தார்கள். ஓடிப்போன நாட்டில் இடம் தந்தவர்களோடு கலந்துவிடுவதா, நாலு பேராக இருந்தாலும் தனித்து நிற்பதா? ஹெல்விஸ் தனித்து நின்றதோடு விடவில்லை. நாங்கள் ஓடிவந்ததே பிழை என்றார். துன்பத்துக்குப் பயந்து நல்லவர்கள் எல்லாம் கப்பலேறியதால்தான் நாட்டில் உண்மை அழிந்தது என்று, 1612இல் வெளிவந்த நூலில் எழுதினார். முதலாம் ஜேம்ஸ் அரசனை நோக்கி, நீயும் சாகப் போகிற மனிதன், ஆத்துமாக்களின் மேல் உனக்கு அதிகாரமில்லை என்று சொன்ன அதே நூல். யூதரானாலும் துருக்கியரானாலும் விசுவாசத்துக்காக ஒருவரையும் அரசு தண்டிக்கக் கூடாது என்று அதில் வருகிறது. தன் கையால் ஹெல்விஸ் அரசனுக்கு எழுதிய வரிகளோடு ஒரு பிரதி ஒக்ஸ்ஃபோர்டின் பொட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அவர் தன் ஆட்களோடு திரும்பிவந்து லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் சபையை நிறுவினார். இங்கிலாந்து மண்ணில் முதல் பாப்டிஸ்ட் சபை அது. நியூகேட் சிறைக்குப் போனார். 1616க்குள் இறந்துவிட்டார்.

ஓடியதைத் தவறென்று எழுதியவருக்குப் பதில் எழுதியவர் ஜோன் ரொபின்சன். அவரும் அதே வட்டாரத்திலிருந்து ஓடியவர். ஆம்ஸ்டர்டாம் சண்டைகளைக் கண்டு 1609இலேயே தன் கூட்டத்தை லெய்டனுக்கு நகர்த்திய விவேகி. ஓடுவதும் சில வேளை கடமையே என்று 1614இல் அவர் வாதிட்டார். இருவர் கையிலும் ஒரே வேதாகமம்.

ஒரு மாநாட்டின் கேள்வி நேரத்தில் எழுந்து, திரும்பிப் போவதா இருப்பதா என்ற இந்த விவாதத்தை ஏன் யாரும் தனிக் கட்டுரையாக எடுப்பதில்லை என்று கேட்டேன். பேச்சாளர் கனிவானவர். ஹெல்விஸே அதைத் தன் நூலின் கடைசியில்தான் வைத்தார் என்றார். உண்மைதான். ஆனால் கடைசியில் வைப்பது சின்ன விஷயத்தைத்தான் என்று யார் சொன்னது? எங்கள் வீடுகளில் ஊருக்குத் திரும்புவது பற்றிய பேச்சு எழுவதும் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் மாடிக்குப் போன பிறகுதான்.

திரும்பி வரும் வழியில், எம்1 நெடுஞ்சாலையில், மாமா ஒரே வரியில் ஹெல்விஸின் கதையை முடித்தார்.

“பிள்ளை, ஓடாதேங்கோ எண்டு எழுதினவரும் முதல்ல ஓடினவர்தானே.”

“அதாலதான் மாமா அவருக்கு எழுத உரிமை இருக்கு.”

“இருக்கட்டும். ஆனா மனிசி யோர்க்கில மறியலில இருக்க இவர் அங்க இருந்தவர். அதை எங்கையும் எழுதினவரோ?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாநாடுகளிலும் அந்தப் பெண்ணுக்கு அரை வாக்கியம்தான்.

ரொபின்சனின் லெய்டன்காரர்கள் நெசவுத் தொழிலில் முறிந்து உழைத்தார்கள். பன்னிரண்டு வருடம் ஆகப்போகையில் அவர்களைத் திரும்பவும் கப்பலேற்றியது அரசன் அல்ல, பிள்ளைகள். சிலர் படையில் சேர்ந்தார்கள், சிலர் கடலுக்குப் போனார்கள், சிலர் கெட்டுப்போனார்கள் என்று அவர்களில் ஒருவரான வில்லியம் பிராட்ஃபோர்ட் வருந்துகிறார். ஆங்கிலேயர் என்ற பெயரும் பேச்சும் பிள்ளைகளிடம் அற்றுப்போய்விடும் என்ற பயத்தை அவர்களில் இன்னொருவரான எட்வர்ட் வின்ஸ்லோ பதிவு செய்திருக்கிறார். சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பாடசாலை வாசலில் கார் தேடி நிற்கும் எந்தப் பெற்றோரும் இதைப் படித்தால் தங்கள் பெயரைத் தேடிப் பார்ப்பார்கள். 1620இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்காவுக்குப் போனவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் லெய்டன்காரர். ரொபின்சன் போகவில்லை, 1625இல் லெய்டனிலேயே இறந்தார்.

அக்கரையில் நடந்ததைப் பெருமையாகச் சொல்ல முடியாது. 1630க்குப் பிறகு பெருந்தொகையாய்ப் போன பியூரிட்டன்கள் பொஸ்டனில் ஆட்சியைக் கையில் எடுத்ததும், 1651இல் ஒபதியா ஹோம்ஸ் என்ற பாப்டிஸ்டுக்கு முப்பது கசையடி கொடுத்தார்கள். குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த ஹார்வர்டின் முதல் தலைவர் ஹென்றி டன்ஸ்டர் 1654இல் பதவியை விட வேண்டிவந்தது. பியூரிட்டன் அன்பர்கள் இந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள். நான் புரட்ட விரும்பவில்லை. துரத்தப்பட்டவர்கள் கையில் அதிகாரம் வந்தால் என்ன செய்வார்கள் என்பது எங்களுக்கும் தெரிந்த கதை.

அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் ஊருக்கு வந்தார்கள். இதை மாநாட்டில் யாரும் சொல்வதில்லை, சொல்ல அவர்களுக்குக் காரணமும் இல்லை. பியூரிட்டன் வழிவந்த கொங்கிரிகேஷனல் சபைகள் 1810இல் அமெரிக்க மிஷன் சங்கத்தைத் தொடங்கின. 1812 பெப்ரவரியில் சேலம் துறைமுகத்திலிருந்து ‘கரவான்’ கப்பலில் இரண்டு இளம் தம்பதிகள் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள்: அதோனிராம் ஜட்சனும் மனைவியும், சாமுவேல் நியூவெலும் மனைவி ஹரியட்டும். கல்கத்தாவில் மிஷனரி வில்லியம் கேரியின் பாப்டிஸ்ட் ஆட்களைச் சந்திக்க வேண்டிவருமே, வாதாடத் தயாராவோம் என்று ஜட்சன் கப்பலிலேயே ஞானஸ்நானம் பற்றிப் படிக்கத் தொடங்கினார். படித்துப் படித்துத் தானே பாப்டிஸ்ட் ஆகி, கல்கத்தாவில் முழுக்கு எடுத்து, கடைசியில் பர்மாவுக்குப் போனார். நியூவெல் மாறவில்லை. கிழக்கிந்தியக் கம்பனி அவர்களை இருக்கவிடாமல் விரட்டியது. மொரீஷியஸ் போகும் வழியில் ஹரியட் கடலில் பெற்ற குழந்தை இறந்தது. 1812 நவம்பரில் ஹரியட்டும் இறந்தார். வயது 19. கம்பனியின் பிடிக்குள் இல்லாத இலங்கைக்கு 1813இல் தனியாக வந்து இறங்கிய நியூவெல், யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டு, இங்கே ஆட்களை அனுப்புங்கள் என்று எழுதினார். 1816இல் மிஷனரிகள் வந்தார்கள். தெல்லிப்பழையில் பள்ளிக்கூடம், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி. என் பாட்டி எழுத்துக் கூட்டிப் படித்தது அந்த வழியில்தான்.

கரவான் கப்பலில் நியூவெலும் மாறியிருந்தால் சங்கம் அவரைக் கைவிட்டிருக்கும்; யாழ்ப்பாணத்துக்கு ஆட்களை அனுப்பச் சொன்ன கடிதமும் போயிராது, அல்லது பாப்டிஸ்ட் கடிதமாகப் போயிருக்கும். ஒரு கப்பல் அறையில் ஒருவர் படித்ததும் இன்னொருவர் மசியாததும், இரண்டு நூற்றாண்டு கழித்து மாமாவும் நானும் எந்த வாங்கில் உட்காருகிறோம் என்பதைத் தீர்மானித்திருக்கின்றன.

ஹெல்விஸின் சபைக்கு என்ன ஆனது என்று தேடினேன். அவர் இறந்து பத்து வருடமளவில், 1626இல், லண்டனோடு லிங்கன், சோல்ஸ்பரி, கொவென்ட்ரி, டிவர்டன் என்று ஐந்து இடங்களில் சபைகள் இருந்தன. அந்த ஐந்தும் சேர்ந்து ஆம்ஸ்டர்டாம் மெனோனைட்டுகளுக்குக் கடிதம் எழுதின, ஐக்கியமாகலாமா என்று. ஆம், எவர்களோடு கலக்க மாட்டேன் என்று ஹெல்விஸ் தன் போதகரையே நீக்கினாரோ, அவர்களுக்குத்தான். சத்தியப் பிரமாணம் செய்யலாமா, ஆயுதம் ஏந்தலாமா என்பவற்றில் இரு பக்கமும் இறங்கிவரவில்லை. மாமாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“அப்ப அதுவும் சரிவரேல்லை” என்றார்.